கபாலபாதியும் நெஞ்செரிவும்: வெள்ளவத்தையில் ஒரு நிகழ்வு ஆய்வு

"யோகா செய்தால் கேஸ் போகும்." கொழும்பில் என்னிடம் வகுப்புக்கு வருபவர்களில் பாதிப் பேராவது இதைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். காஸ்ட்ரைட்டிஸ், புளித்த ஏப்பம், வயிற்றுப் பொருமல், மலச்சிக்கல் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். பலருக்கு உண்மையாகவே குறைகிறது. குறையாமல் கூடிப்போன ஒருவரின் கதை இது. கூடியதற்குக் காரணம் பயிற்சியில் அவர் காட்டிய அசட்டை அல்ல, சிரத்தைதான். அதனால்தான் எழுதி வைக்க நினைத்தேன்.

அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயிற்றோடு தொடர்புள்ள எதையும் மாற்றவில்லை. வகுப்பில் கூப்பிடுவதுபோல இங்கேயும் அவரை அக்கா என்றே எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

அக்காவுக்கு 49 வயது. காலி வீதியில் சொந்தமாகப் புடவைக்கடை. வீடு கடற்கரைப் பக்கம், தொடர்மாடி ஒன்றில். நீரிழிவு இல்லை, பிரஷர் இல்லை. முழங்கால் வலி உண்டு. அதற்கு டைக்ளோஃபெனாக் குளிசையைத் தானே பாமசியில் வாங்கி, வலிக்கும்போதெல்லாம் போடுவார். "காஸ்ட்ரைட்டிஸ்" பல வருடமாக இருக்கிறது. அதற்கு அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், அதுவும் தானே வாங்கியது. எரியும்போது, சாப்பிட்ட பிறகு போடுவார்.

மூன்று மாதமாக நெஞ்செரிவு கூடியிருந்தது. இரவில் புளித்த நீர் தொண்டைவரை ஏறி எழுப்பிவிடும். காலையில் தொண்டை கரகரத்து, கடையில் முதல் வாடிக்கையாளரோடு கதைக்கவே குரல் வராது. ஏப்பம் தொடர்ச்சியாக வரும். அந்த மூன்று மாதத்துக்குச் சற்று முன்புதான் காணொளிகளைப் பார்த்துப் பிராணாயாமம் தொடங்கியிருந்தார். எரிவு கூடக்கூட, பயிற்சி போதவில்லை என்று நினைத்து எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்.

என்னிடம் அவர் கேட்டது இதுதான்: "மிஸ், கேஸுக்கு இன்னும் என்ன பிராணாயாமம் செய்யலாம்?"

இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. எந்த நோய்க்கு எந்தப் பிராணாயாமம் என்று பட்டியல் போடுவது சுலபம், இணையம் முழுக்க அதுதான் கிடக்கிறது. ஆனால் இரைப்பைக்கு அந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. தன்மேல் எவ்வளவு அழுத்தம் விழுகிறது, விழும்போது தனக்குள் என்ன இருக்கிறது என்ற இரண்டுமட்டும்தான் அதற்குக் கணக்கு.

அவருடைய நாள்

எத்தனை மணிக்கு என்ன செய்கிறார் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். கடைக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார்.

காலை ஐந்தரைக்கு எழும்பி, முதல் வேலையாகப் பால்மா போட்ட தேத்தண்ணி, பெரிய கோப்பையில். அரை மணித்தியாலம் கழித்துப் பல்கனியில் பாய் விரித்துக் கபாலபாதி, அதாவது வயிற்றை உள்ளே அடித்து மூச்சை வெடுக்கென்று வெளியே தள்ளுவது, 300 தடவை. பிறகு பஸ்திரிகா, துருத்திபோல வேகமாக மூச்சை இழுத்து விடுவது. பிறகு 16 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 64 எண்ணும்வரை அடக்கி, 32 எண்ணும்வரை விடுவது. பிறகு அக்கினிசார், அதாவது மூச்சை வெளியே விட்டு நிறுத்திக்கொண்டு வயிற்றை உள்ளும் புறமும் அடிப்பது. முடிவில் முன்குனிந்து, அப்புறம் மல்லாந்து சவாசனம்.

மதியச் சாப்பாடு கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், மூன்று மூன்றரைக்கு, சோற்றுப் பார்சல். பின்னேரம் ஒரு தேத்தண்ணி, சில நாள் ஒரு ரோல்ஸ். கடை பூட்டி வீட்டுக்கு வர இரவு ஒன்பதைத் தாண்டும். இடியப்பம், சொதி, கட்டைச் சம்பல். பத்தரைக்குப் படுக்கை. படுத்தபடியே, "உடம்புச் சூடு குறைய" சீதளி: நாக்கைச் சுருட்டி வாயால் காற்றை இழுப்பது.

கொப்பியில் இல்லாத ஒன்றை அவர் உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். அன்று கடையிலிருந்து நேரே வந்திருந்தார், புடவையோடு. பாயில் உட்கார்ந்ததும் உள்பாவாடை நாடாவை ஒரு விரலால் இழுத்து விட்டுக்கொண்டார். இடுப்பைச் சுற்றிச் சிவந்த கோடு, நாடாவின் பின்னல்கூடத் தோலில் பதிந்திருந்தது. நாள் முழுக்க அந்தக் கட்டோடு குனிந்து கீழ்த்தட்டிலிருந்து புடவைக் கட்டுகளை எடுப்பவர். வயிற்றைச் சுற்றிப் பன்னிரண்டு மணித்தியாலம் ஒரு கயிறு இறுக்கினால், உள்ளே இருப்பது மேலே போகத்தான் பார்க்கும். இறுக்கமான பெல்ட் அமிலம் மேலேறுவதைக் கூட்டுவது பரிசோதனைகளில் காட்டப்பட்ட விஷயம். நாடா பெல்ட்டைவிட மெல்லியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்து காட்டச் சொன்னபோது

வெறும் வயிற்றில், இன்னொரு நாள் காலையில், பத்துத் தடவை மட்டும் கபாலபாதி செய்து காட்டச் சொன்னேன். என் ஒரு கையை அவருடைய மேல்வயிற்றில் வைத்தேன், மற்றக் கை தோளில்.

கபாலபாதியில் அடிவயிறு உள்ளே போகும், மூச்சு வெளியே போகும். உள்மூச்சு தானாக வரும். அக்காவுக்கு நடந்தது வேறு. ஒவ்வோர் அடிக்கும் தோள் மேலே எகிறியது. மேல்வயிறு உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே தள்ளியது. தொண்டை இறுகியிருந்ததால் மூச்சு முழுதாக வெளியேறவில்லை. அதாவது மூச்சை வெளியே தள்ளுவதாக நினைத்துக்கொண்டு, மலச்சிக்கல்காரர் முக்குவதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆறாவது ஏழாவது அடியில் வாயை மூடிக்கொண்டு ஒரு விழுங்கு. என்ன அக்கா என்றேன். "புளிச்ச தண்ணி" என்றார், அது சாதாரணம் என்பதுபோல.

மூச்சடக்குவதற்கு முன்னாலும் ஒரு பழக்கம் இருந்தது. 64 எண்ண வேண்டுமே என்ற பதற்றத்தில் நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று ஒரு மிடறு காற்றை விழுங்குவார். அந்த மிடறு நுரையீரலுக்குப் போவதில்லை, உணவுக்குழாய்க்குத்தான் போகிறது.

ஏப்பத்தைப் பற்றியும் ஒன்று. தன் ஏப்பத்தைப் பற்றிச் சொல்லும்போது வரிசையாக ஏப்பம் விட்டார். இடையில் கொழும்புக்கு வெளியே படிக்கும் மகன் தொலைபேசியில் அழைத்தான். கதைத்த பத்து நிமிடமும் ஒன்றுகூட வரவில்லை. தொலைபேசியைக் கீழே வைத்ததும் திரும்பத் தொடங்கியது. நித்திரையில் வருவதில்லை என்று கணவரும் சொன்னார். வயிற்றில் சேர்ந்த வாயு வெளியேறும் ஏப்பம் வேறு, இது வேறு. இதில் காற்று உணவுக்குழாய்க்குள் இழுக்கப்பட்டு, இரைப்பையைத் தொடாமலே உடனே வெளியே வருகிறது. தெரிந்து செய்வதில்லை, பழகிப்போன தசை வேலை. இதற்குக் கேஸ் குளிசை வேலை செய்யாது. உதரவிதானத்தால் மூச்சுவிடப் பழகுவது வேலை செய்யும், ஏனென்றால் அப்படி மூச்சுவிட்டுக்கொண்டே அந்த ஏப்பத்தை இழுப்பது கடினம்.

ஏன் மேலே ஏறியது

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் உணவுக்குழாய் கீழே இறங்கி இரைப்பையைச் சேர்கிறது. உணவுக்குழாயின் அடியில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. அதே இடத்தில் வெளியிலிருந்து உதரவிதானத்தின் தசைநார்கள், சுருக்குப்பையின் கயிறுபோல, குழாயைச் சுற்றிப் பிடிக்கின்றன. இந்த இரண்டு பிடியும் ஒன்றன்மேல் ஒன்று அமைந்திருந்தால் அமிலம் கீழேயே நிற்கும். இரைப்பையின் தலைப்பகுதி துளைவழியாக நெஞ்சுப் பக்கம் வழுக்கி ஏறியவர்களுக்கு இரண்டு பிடியும் இடம் பிரிந்துவிடும். தனித்தனியாக அவை பலவீனமானவை.

இன்னொரு பக்கம், வயிற்றுக்குள் அழுத்தம் எப்போதும் நெஞ்சுக்குள் இருப்பதைவிடக் கூட. அமிலம் மேலேறுவதற்குச் சரிவு எப்போதும் தயார், தடுத்து வைத்திருப்பது அந்தப் பிடிகள்தான். கபாலபாதியின் ஒவ்வோர் அடியும் வயிற்றுத்தசையை இறுக்கி அழுத்தத்தைத் திடீரென ஏற்றுகிறது, அதுவும் வெளிமூச்சில், உதரவிதானம் தளர்ந்து மேலே போகும் நேரத்தில். முந்நூறு அடி என்றால் முந்நூறு தடவை. உள்ளே பால்தேத்தண்ணி. மூச்சை நிறைத்து அடக்கி, வயிற்றையும் இறுக்கிப் பிடித்தால், அழுத்தம் அப்படியே நிற்கிறது. அக்கினிசாரில் வேறு விதம்: மூச்சை வெளியே நிறுத்திக்கொண்டு விலாவை விரிக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் நன்றாகக் கீழே போய், வயிற்றுறுப்புகள் மேல்நோக்கி இழுபடுகின்றன. துளை ஏற்கெனவே தளர்ந்தவருக்கு அந்த இழுப்பு வேண்டாத இழுப்பு. முன்குனிவதும் மல்லாந்து படுப்பதும் மிச்ச வேலையை முடித்துவிடும்.

சீதளியைப் பற்றிப் பலரும் கேட்பார்கள், நெஞ்செரிவுக்குக் குளிர்ச்சி என்று. குளிர்வது நாக்கும் தொண்டையும். இரைப்பை அமிலம் அதனால் குறைவதில்லை. ஏப்பக்காரர்கள் வாயால் காற்றை இழுக்கும்போது கொஞ்சம் விழுங்கியும் விடுகிறார்கள். சாப்பிட்டுப் படுத்தபடி செய்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த 16, 64, 32 கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது திருமந்திரத்தில் இருக்கிற அளவுதான். திருமூலரையே அக்கா ஆதாரமாகக் காட்டினார், மறுக்க முடியாது. ஆனால் அது இயமம், நியமம், ஆசனம் என்ற படிகளுக்கு அப்புறம் வரும் படி. கபாலபாதி கதையும் அப்படித்தான். 15ஆம் நூற்றாண்டு ஹடயோகப் பிரதீபிகையில் அது பிராணாயாம வகைகளில் ஒன்றாக வரவில்லை, ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்றாக வருகிறது. கொழுப்பும் கபமும் மிகுந்தவர்கள் முதலில் அவற்றைச் செய்யட்டும், மற்றவர்கள் செய்ய வேண்டியதில்லை என்கிறது அந்த நூல். தவறாகச் செய்த பிராணாயாமத்தால் விக்கல், இருமல், இரைப்பு, தலைவலி வரும் என்றும் அங்கேயே இருக்கிறது. எல்லாருக்கும் காலையில் முந்நூறு என்பது நம் காலத்துப் பழக்கம், பழைய நூலின் தலையில் அதைக் கட்ட முடியாது.

மூச்சுக்கு முன் வைத்தியர்

இவ்வளவையும் கண்டும் நான் அன்று புதுப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. பேச்சுவாக்கில் அக்கா சொன்ன ஒன்றுதான் காரணம்: "சில நேரம் பாண் நெஞ்சுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும், தண்ணி குடிச்சாத்தான் இறங்கும்."

விழுங்குவது தடைபடுவது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுத்து ஒட்டும் மலம், இரத்த வாந்தி, விடாத வாந்தி, இரத்தச்சோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் யோகா ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மாடிப்படி ஏறும்போது வந்து நின்றால் போகும் நெஞ்செரிவையும் இதோடு சேர்க்கிறேன். அது இரைப்பை அல்ல, இதயமாக இருக்கலாம். நம்மவர்களில் எத்தனையோ பேர் அதைக் கேஸ் என்று சொல்லிக்கொண்டு இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள். ஐம்பதை நெருங்கும் ஒருவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் பாய் விரிக்கக் கூடாது.

அக்கா முதலில் விரும்பவில்லை. கமரா விட்டுப் பார்ப்பார்கள் என்ற பயம், கடையை யார் பார்ப்பது என்ற கவலை. ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முந்தின நாள் பார்த்துச் சனல் பண்ணினார், அதாவது வைத்தியரைப் பார்க்க நேரம் பதிந்தார். வைத்தியர் முதலில் ஈசிஜி எடுக்கச் சொன்னார், அது சரியாக இருந்தது. பிறகு எண்டோஸ்கோப்பி. துளைவழியாக இரைப்பை சிறிது மேலே வழுக்கியிருந்தது. உணவுக்குழாயின் அடியில் இலேசான அழற்சி, இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சிவப்பு. பயப்பட்ட அளவுக்கு ஒன்றுமில்லை. இரைப்பைக் கிருமிக்கான சோதனையிலும் ஒன்றும் வரவில்லை.

இரைப்பையைப் புண்ணாக்கக்கூடிய வலிக்குளிசையான டைக்ளோஃபெனாக்கை நிறுத்தச் சொன்னார் வைத்தியர். ஒமிப்ரசோலை எட்டுக் கிழமைக்கு ஒழுங்காக எழுதிக் கொடுத்தார், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால். அக்கா அதை வருடக்கணக்காகச் சாப்பிட்ட பின் போட்டுக்கொண்டிருந்தார் அல்லவா? அந்த மருந்து அமிலம் சுரக்கும் பம்புகளை மூடுவது, பம்புகள் சாப்பாட்டோடுதான் விழிக்கின்றன. அவை விழிக்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். எரிந்த பிறகு போட்டால் பாதிக் காசு வீண்.

என்ன மாற்றினோம்

முதலில் கழித்தோம். கபாலபாதி, பஸ்திரிகா, அக்கினிசார், மூச்சடக்கல், சீதளி எல்லாம் நிறுத்தம். அக்காவுக்கு முகம் வாடிப்போனது. "அப்ப மிச்சம் என்ன இருக்கு மிஸ்?"

மிச்சம் இருந்தது ஒரு கதிரை. முதுகுக்குச் சாய்வுள்ள சாதாரணச் சாப்பாட்டுக் கதிரை, பாதம் இரண்டும் நிலத்தில், இடுப்புக்கட்டு தளர்ந்து. சம்மணம் போட்டுக் குனிந்து உட்காருபவர்களுக்கு வயிறு மடிந்து நசிகிறது, கதிரையில் அது இல்லை. ஒரு கை மேல்வயிற்றில், கடைசி விலாவுக்குக் கீழே. மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுப்பது. கை மெல்ல வெளியே வர வேண்டும், விலா பக்கவாட்டில் விரிய வேண்டும், தோள் அசையக் கூடாது. மூக்காலேயே ஆறு எண்ணும்வரை விடுவது; விடும்போது வயிற்றைத் தள்ளக் கூடாது, அதுவாக அடங்க வேண்டும். இழுப்பதற்கும் விடுவதற்கும் இடையில் நிறுத்தம் கிடையாது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம். ஆறு எண்ணுவது மூச்சுமுட்டினால் மூன்றும் நான்கும் போதும். எண்ணிக்கைக்காகத் திணறினால் பயிற்சி அங்கேயே கெட்டுவிடும்.

கேட்கச் சுலபமாக இருக்கும். அக்காவுக்கு முதல் கிழமை முழுக்கத் தோள்தான் எழும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்தும் சரிவரவில்லை. கடைசியில் இரண்டு கையாலும் கதிரையின் அடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். தோள் கட்டுப்பட்டது, விலா அசையத் தொடங்கியது. கைக்குக் கீழே உதரவிதானம் இறங்குவதை முதல்முறை உணர்ந்தபோது, "இது இவ்வளவு நாளும் எங்க இருந்தது?" என்று கேட்டார்.

நேரத்தை மாற்றியது பயிற்சியை மாற்றியதைவிடப் பெரிய வேலை. காலையில் முதலில் மூச்சுப் பயிற்சி, பிறகு குளிசை, அரை மணி கழித்துச் சாப்பாடும் தேத்தண்ணியும். வெறும் தண்ணீர் ஒரு மிடறு குடித்தால் பரவாயில்லை. இரண்டாவது அமர்வு மதியச் சாப்பாட்டுக்கு முன், கடையின் பின்னறையில். நிறையச் சாப்பிட்ட சாப்பாடு இரைப்பையை விட்டுப் போக நான்கு மணித்தியாலம்வரை எடுக்கும். அழுத்தமில்லாத மெதுவான மூச்சுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை, இரண்டு மணித்தியாலம் போதும். வயிற்றை வேலை வாங்கும் எதற்கும் நான்கு.

இரவுச் சாப்பாடு ஏழரைக்குக் கடைக்கே வந்தது, டிபன் கரியரில். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே ஆறங்குல மரக்கட்டைகள் வைத்தோம். இரண்டு மூன்று தலையணை அடுக்குவது அதே வேலையைச் செய்யாது. கழுத்தும் இடுப்பும் மடிந்து வயிறு இன்னும் நசியும். இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னேன், அந்தப் பக்கத்தில் இரைப்பையின் வாய் அமிலத்துக்கு மேலே நிற்கும்.

நாடாவில்தான் சண்டை. கடையில் சல்வார் போடலாமே என்றேன். "புடவைக்கடை முதலாளி சல்வாரோட நிண்டா ஆர் புடவை வாங்குவினம்?" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். நியாயம்தான். நாடாவுக்குப் பதிலாக அகலப் பட்டி தைத்து, இடுப்பெலும்பில் இறக்கிக் கட்டுவது என்று உடன்பாடு. கீழ்த்தட்டுப் புடவைகளை இடுப்புயரத்துக்கு மாற்றியது அவருடைய சொந்த யோசனை.

வைத்தியர் இரண்டாம் முறை பார்த்துச் சரி என்ற பிறகு, மூச்சடக்காத நாடிசுத்தி (மூக்குத்துளைகளை மாற்றி மாற்றி மூச்சுவிடுவது) சேர்த்தோம், அப்புறம் பிரமரி. பிரமரி இவருக்கு நன்றாகப் பிடித்தது. ம் என்று முரலும்போது வெளிமூச்சு தானாக நீளும், எண்ண வேண்டியதில்லை, வயிற்றைத் தள்ளவும் முடியாது. சவாசனத்துக்குப் பதில் முதுகை உயர்த்திய சாய்வு.

எதனால் குறைந்தது

இரவில் எழும்புவது முதல் மாதத்துக்குள் அநேகமாக நின்றது. தொண்டைக் கரகரப்பு போக இன்னும் நாள் எடுத்தது. பாண் நிற்பது போனது. இதையெல்லாம் மூச்சின் கணக்கில் எழுத எனக்கு ஆசைதான், ஆனால் எழுத மாட்டேன். ஒரே நேரத்தில் மருந்து ஒழுங்கானது, வலிக்குளிசை நின்றது, இரவுச் சாப்பாடு முன்னுக்கு வந்தது, இடுப்புக்கட்டு தளர்ந்தது, கெடுதல் செய்த பயிற்சிகள் நின்றன. இதில் மூச்சுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வால் முடியாது.

ஏப்பம் மட்டும் வேறு. மருந்து எடுத்த முதல் இரண்டு கிழமையிலும் அது அசையவில்லை. தோள் அடங்கி உதரவிதானம் பிடிபட்ட பிறகுதான் குறைந்தது. அதை மூச்சின் கணக்கில் எழுதலாம்.

நெஞ்செரிவுக்கும் மூச்சுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒஸ்ரியாவின் கிராஸ் நகரத்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 19 பேர், புண் இல்லாதவர்கள் அல்லது ஆறியவர்கள். ஒரு பிரிவினருக்கு நான்கு கிழமை வயிற்றுமூச்சுப் பயிற்சி. பயிற்சி செய்தவர்களுக்கு உணவுக்குழாய் அமிலத்தில் நனையும் நேரம் குறைந்தது. ஒன்பது மாதம் கழித்தும் தொடர்ந்து செய்தவர்களுக்கு அமிலக் குளிசையின் தேவையும் இறங்கியிருந்தது. 19 பேரை வைத்துப் பெரிதாகப் பேசக் கூடாது. ஆனால் அவர்கள் செய்தது மெதுவான உதரவிதான மூச்சு, அடிப்பதும் அடக்குவதும் அல்ல. உதரவிதானமும் தசைதான், சுருக்குப்பையின் கயிற்றுக்குப் பயிற்சி கொடுத்தால் பலன் இருக்கலாம் என்பதே அவர்களின் ஊகம்.

எட்டுக் கிழமை முடிந்ததும் அக்கா குளிசையை ஒரேயடியாக நிறுத்தப் பார்த்தார். அப்படி நிறுத்தினால் சில கிழமைக்கு அமிலம் முன்பைவிடக் கூடச் சுரக்கலாம், நோய் திரும்பிவிட்டது என்று ஆள் பயந்துபோவார். வைத்தியர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைத்தார்.

அப்புறம் தீபாவளி வந்தது. புடவைக்கடைக்காரருக்கு அந்த நாட்களில் ஏழரை மணிச் சாப்பாடெல்லாம் கனவு. இரவு பதினொரு மணிக்குக் கொத்து ரொட்டி, அப்படியே படுக்கை. இரண்டாம் இரவே நெஞ்செரிவு திரும்பியது. மூச்சுப் பயிற்சியை அவர் ஒரு நாளும் விடவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்க வேண்டும். பண்டிகை முடிந்து சாப்பாடு பழைய நேரத்துக்கு வந்ததும் அடங்கியது.

கபாலபாதியைத் திரும்பத் தொடங்கலாமா என்று இப்போதும் இடைக்கிடை கேட்பார். வழுக்கி ஏறிய இரைப்பை மூச்சால் இறங்கி வருவதில்லை, அழற்சி ஆறினாலும் துளை அப்படியேதான் இருக்கிறது. அதனால் இல்லை என்பதுதான் பதில். கபாலபாதி செய்த ஆரோக்கியமான 29 வயதுப் பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்த சம்பவம் 2004இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மிக அபூர்வம்தான். வேகமான மூச்சை எல்லாருக்கும் பொதுவான காலைப் பயிற்சியாகக் கொடுக்க நான் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேறு வயிறுகள்

அக்காவின் பயிற்சியை அப்படியே மற்றவருக்குக் கொடுக்க முடியாது. பொருமல்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் வயிறு பானைபோலத் தள்ளும், ஆனால் உள்ளே வாயு அவ்வளவு இருக்காது. பலருக்கு நடப்பது என்னவென்றால், உதரவிதானம் கீழே இறங்கியபடி நிற்கிறது, முன்வயிற்றுத் தசை தளர்ந்துவிடுகிறது. இவர்களிடம் "வயிறு வெளியே வரட்டும், நன்றாக வரட்டும்" என்று வயிற்றுமூச்சு சொல்லிக்கொடுத்தால் பொருமல் கூடும். இவர்களுக்கு வெளிமூச்சில்தான் வேலை: உதரவிதானம் மேலேறி, விலா அடங்கி, அடிவயிறு இலேசாக உள்ளே வரும்வரை நீட்டி விடுவது.

மலச்சிக்கலுக்கு நௌலி (வயிற்றுத்தசையைச் சுழற்றுவது), அக்கினிசார் என்பார்கள். மூலநோயோ குடலிறக்கமோ உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. தொப்புளிலோ அடிவயிற்று மடிப்பிலோ இருமும்போது புடைக்கும் கட்டி இருந்தால் அழுத்தம் ஏற்றும் எதுவும் வேண்டாம். சிசேரியன், பித்தப்பைச் சத்திரசிகிச்சை எதுவானாலும் சத்திரசிகிச்சை செய்தவர் சரி சொல்லும்வரை மெதுவான மூச்சு மட்டும். பெருங்குடல் அழற்சி கிளம்பியிருக்கும் நாட்களிலும் அப்படியே.

நீண்டகால நீரிழிவுக்காரர்களை நான் தனியாகக் கேட்பேன். இரைப்பை நரம்பு மந்தமானவர்களுக்கு முந்தின இரவுச் சோறு காலையிலும் உள்ளே இருக்கலாம். அவர்களுக்கு "வெறும் வயிறு" என்ற சொல்லையே நம்ப முடியாது. இன்சுலின் போடுபவர்கள் பட்டினியாக நீண்ட பயிற்சி செய்வதும் ஆபத்து. பிரஷருக்கு நிஃபெடிபின் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே உணவுக்குழாய்ச் சுருக்குத்தசையைத் தளர்த்தலாம். நெஞ்செரிவு இருந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும், குளிசையைத் தானாக நிறுத்தக் கூடாது.

எல்லாரிலும் கவனமாகப் பார்க்க வேண்டியவர்கள் ஈரல் சுருங்கிப்போனவர்கள். அவர்களின் உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்திருக்கலாம், முக்கினால் வெடிக்கலாம். இவர்களுக்கு அடக்குவதும் அடிப்பதும் முற்றாகக் கிடையாது, கதிரை மூச்சைக்கூட வைத்தியரைக் கேட்ட பிறகே தொடங்குவேன். இப்போது வகுப்பில் சேர வருபவர்களிடம், எண்டோஸ்கோப்பியோ ஸ்கானோ எடுத்திருந்தால் அறிக்கையைக் கொண்டுவாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொண்டுவருபவர்கள் குறைவு. அதனால் பெயர் எழுதும் படிவத்தில் விழுங்கும்போது தடைபடுகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, அடிவயிற்றில் புடைப்பு உண்டா, சத்திரசிகிச்சை நடந்ததா, வலிக்குளிசை எதுவும் தானே வாங்கிப் போடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் பேர் "ஆம்" என்று எழுதுகிறார்கள்.